‘ஓர் ஆய்வு’ என்னும் வால்: ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குத் தலைப்பிடும் முறையைப் பற்றி

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒரு கிராணி, சர்வகலாசாலைப் புலவர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நான் கற்றது ஆங்கிலக் கல்வி. தமிழை வீட்டிலும், பத்திரிகைகளிலும், நண்பர்களின் வாய்மொழியிலும் பெற்றவன். கட்டுரைகளின் உட்பொருளை எடைபோடும் புலமை எனக்கு இல்லை. ஆயினும் ஒரு காரியத்தில் மட்டும் எனக்குப் பழக்கம் உண்டு. கடிதக் கட்டுகளுக்குப் பெயரெழுதி அலமாரியில் அடுக்குவதும், பின்னர் அந்தப் பெயரைக் கொண்டே அவற்றைத் தேடி எடுப்பதும் என் நித்தியத் தொழில். தலைப்பு என்பது என்ன, அது தவறினால் நஷ்டம் யாருக்கு என்பதை நான் கற்றது அந்த அலமாரியின் முன்னே நின்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். காலஞ்சென்ற தம் கணவர் இத்தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதற்கு ஓர் எழுத்து வேண்டும் என்றும், மகனுடைய பத்திரங்களுக்கு அது அவசியம் என்றும் சொன்னார். ‘செக்ரோல்’ என்ற கட்டையும், ‘சம்பளம்’ என்ற கட்டையும், ‘தொழிலாளர்’ என்ற கட்டையும் அவிழ்த்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. “இல்லை, பாட்டி” என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் இல்லையென்றேன். அப்புறம் ஒரு நாள், தண்ணீர்ப் பம்பு பழுதுபார்த்த ரசீது ஒன்றைத் தேடுகையில், பழைய பெயர்ப் பட்டியல் ஒன்று அகப்பட்டது. அவர் கணவருடைய பெயரும், வேலையில் சேர்ந்த ஆண்டும், விட்ட ஆண்டும் அதில் தெளிவாக இருந்தன. அந்தக் கட்டின் மேல், என் சொந்தக் கையெழுத்தில், ‘பலவகை’ என்று எழுதியிருந்தது! ஆளனுப்பி வரவழைத்துப் பிரதியைக் கொடுத்தேன். “இருந்ததை இல்லை என்று சொல்லிவிட்டீர்களே, கிராணி ஐயா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவரை இரண்டு முறை வெறுங்கையோடு திருப்பியனுப்பியது சோம்பலன்று, கெட்ட எண்ணமுமன்று. நான் யோசியாமல் எழுதிய ஒரு தலைப்பு.

நிற்க. எங்கள் தோட்டத்தில் பிறந்து, இப்பொழுது சர்வகலாசாலையில் பயிலும் பெண்ணொருத்தி, சென்ற ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தாள். தோட்டத் தமிழரைப் பற்றி வெளிவந்துள்ள கட்டுரைகளின் நீண்ட பட்டியலொன்று அவள் கையில் இருந்தது. “அண்ணே, இத்தனையில் எதைப் படிப்பது, எதை விடுவது?” என்றாள். இருவரும் உட்கார்ந்து பட்டியலை வாசித்தோம். வாசிக்க வாசிக்க, என் ‘பலவகை’க் கட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் கண்ட குறைகள் மூன்று வகை. எவரையும் சுட்டி மனம் நோகச் செய்வது என் நோக்கமன்று. ஆகையால் உதாரணங்களை நானே கற்பித்துச் சொல்லுகிறேன். முதல் வகை, கடலைக் குடத்தில் அடைக்கும் தலைப்பு: ‘தமிழரும் சமுதாயமும்’, ‘இலக்கியமும் வாழ்வும்’ என்பன போன்றவை. எந்தத் தமிழர், எந்தக் காலம், எந்தச் சமுதாயம் என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை. இரண்டாம் வகை, பூவும் புனலுமான தலைப்பு. விடியல், வேர், விழுது, சுவடு ஆகிய நான்கு சொற்களை மாற்றி மாற்றி அடுக்கினால் இவ்வகையில் நாற்பது தலைப்புகள் செய்துவிடலாம். கேட்கச் செவிக்கு இனிமை. உள்ளே இருப்பது கூலிக் கணக்கா, நாவல் விமர்சனமா என்பது மட்டும் தெரியாது.

மூன்றாம் வகைதான் எங்கும் பரவியது. அதுவே ‘ஓர் ஆய்வு’ என்னும் வால். ‘ஒரு பார்வை’, ‘சில சிந்தனைகள்’, ‘ஒரு நோக்கு’ என்பன அதன் உடன்பிறப்புகள். ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளிவருவது ஆய்வாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? மீன் கூடையின் மேல் ‘இது மீன்’ என்று சீட்டு ஒட்டினால் வாங்க வந்தவருக்கு என்ன பிரயோஜனம்? சாளையா, வஞ்சிரமா, இன்று வந்ததா, நேற்று வந்ததா என்பதல்லவோ அவருக்குத் தெரிய வேண்டும்? வாலுக்குச் செலவான இரண்டு சொற்களில் ஓர் ஊரின் பெயரையோ, ஓர் ஆண்டையோ எழுதியிருக்கலாம்.

இவ்வழக்கம் ஏன் வந்தது? தன்னடக்கம் என்பர் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாநாட்டுக்காரர்கள், கட்டுரை எழுதப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே தலைப்பைக் கேட்கின்றனர். எழுதப்போவது இன்னதென்று எழுதுபவருக்கே தெரியாத வேளையில், எதை எழுதினாலும் அடங்கக்கூடிய ஒரு பெரிய சாக்கை அனுப்பிவிடுகிறார். பின்னர்க் கட்டுரை முடிந்தும் சாக்கை மாற்றுவதில்லை. இஃது ஒரு காரணம். மற்றொன்று அச்சம். தலைப்பில் ஒன்றையும் உறுதியாகச் சொல்லாதவரைப் பார்த்து, ‘சொன்னதைக் காட்டவில்லையே’ என்று யாரும் கேட்க முடியாதல்லவா? வாலுள்ள தலைப்பு பொறுப்பிலிருந்து தப்புவதற்கு ஒரு புறக்கதவு.

பொறுப்பை ஏற்றுக்கொண்ட தலைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு, தோட்ட மக்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு கட்டுரையைச் சொல்லுகிறேன். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, இந்தியாவில் செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற இராணுவ வைத்தியர், மலேரியா நோயாளியைக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள் கொண்ட சில உயிரணுக்களைக் கண்டார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற மாபெரும் உண்மைக்கு அதுவே வாயில். அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் அதை வெளியிட்டபோது அவர் இட்ட தலைப்பு யாது? ‘மலேரியாவின் இரகசியம் வெளிப்பட்டது’ என்றா? அன்று. மலேரியா இரத்தம் உண்ட இரண்டு கொசுக்களில் காணப்பட்ட, நிறத்துகள் கொண்ட சில விசித்திர உயிரணுக்களைப் பற்றி என்பதே அதன் கருத்து. இரண்டு கொசுக்கள்! கண்டது இரண்டில், சொன்னதும் இரண்டே. அந்த எண்ணைத் தலைப்பிலேயே வைத்தமையால், ‘இதற்கு மேல் நான் இன்னும் அறியேன்’ என்று உலகத்துக்கு ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு மேற்கொண்டு நிரூபித்தார். 1902-ல் நோபெல் பரிசு பெற்றார். அடக்கமென்றால் இதுவல்லவோ அடக்கம்? ‘ஓர் ஆய்வு’ என்பது அடக்கமன்று, மறைவு.

அதே நோயைப் பற்றி நம் நாட்டில் எழுந்த நூலொன்றையும் பாருங்கள். 1901 முதல் கிள்ளானிலும், அப்பொழுது போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடியச் செய்து மலேரியாவை அடக்கியவர் மால்கம் வாட்சன் என்ற வைத்தியர். 1911-ல் அவர் வெளியிட்ட நூலின் பெயர், ‘ஐக்கிய மலாய் நாடுகளில் மலேரியாத் தடுப்பு’ என்று பொருள்படும். நோய் இன்னது, செய்த காரியம் இன்னது, செய்த இடம் இன்னது என மூன்றும் அதில் உள. இடத்தின் பெயர் வெறும் அலங்காரமன்று. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய கொசு காட்டு நிழலில் வளர்வது; அங்கே காட்டை வெட்டி வாய்க்கால் வெட்டினால் நோய் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் நோயைப் பரப்பும் கொசுவோ வெயில் படும் தெளிந்த நீரோடையில் வளர்வது. அங்கே ஓடைக்கரைக் காட்டை வெட்டினால் நோய் பெருகியது. கிள்ளானின் மருந்தை மலைக்குக் கொண்டுபோனால் ஆட்கள் சாவார்கள்! எந்த இடத்தில் கண்ட உண்மை என்பதைத் தலைப்பில் சொல்லுவது எத்துணை அவசியமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இடத்தைப் போலவே காலமும் அவசியம். ‘மலாயாத் தோட்டத் தமிழர்’ என்று மட்டும் எழுதினால் எந்தத் தமிழர்? ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது நடந்தது. 1938-ல் இந்திய சர்க்கார் கூலியாட்கள் செலவுதவி பெற்றுக் குடியேறுவதைத் தடுத்தனர். இம்மூன்று காலங்களிலும் தோட்டத்தில் இருந்தவர் தமிழரே. ஆனால் அவர்கள் வந்த வழி வேறு, பட்ட கடன் வேறு, திரும்பிப்போகும் உரிமை வேறு. ஆண்டு சொல்லாத தலைப்பு இம்மூவரையும் ஒரே பாயில் படுக்க வைக்கிறது. கெர்னியல் சிங் சாந்து 1969-ல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பு, மலாயாவில் இந்தியர் என்று தொடங்கி, அவர்கள் குடிவந்ததும் நிலைபெற்றதும் பற்றிய சில அம்சங்கள் என்று எல்லை கட்டி, 1786 முதல் 1957 வரை என்று முடிகிறது. ‘சில அம்சங்கள்’ என்ற சொல்லை நான் குறை கூறமாட்டேன். அதற்கு முன்னும் பின்னும் மக்களும், நாடும், ஆண்டுகளும் காவல் நிற்கின்றன.

எனினும், ஊரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் தலைப்பு முடிந்துவிட்டதா? இல்லை. கண்ட முடிவு உறுதியானதாயின் அதையே தலைப்பாக வைக்கும் துணிவும் வேண்டும். சரவாக்கில் தங்கியிருந்த ஆல்பிரட் ரஸல் வாலஸ் 1855-ல் எழுதிய கட்டுரைக்கு, புதிய உயிரினங்கள் தோன்றுவதை ஆண்டுவந்த நியதியைப் பற்றி என்று பெயரிட்டார். நியதி ஒன்று உண்டு என்று தலைப்பே கூறுகிறது. 1858-ல் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையிலோ, வகைகள் தம் மூல உருவிலிருந்து எல்லையின்றி விலகிச் செல்லும் இயல்புடையன என்பதையே தலைப்பாக்கினார். வீட்டு விலங்குகளின் வகைகள் காட்டில் விட்டால் பழைய உருவுக்கே திரும்பும் என்று அக்காலத்தார் வாதாடினர். அவ்வாதத்துக்கு நேர் மறுப்பு அத்தலைப்பிலேயே இருக்கிறது. படிப்பவர் உடன்படலாம், சண்டைக்கு வரலாம். எதற்கு என்பது மட்டும் ஐயமற விளங்கும். ராஸுக்கு எண் அழகு, வாலஸுக்கு முடிவு அழகு. இருவரும் தாம் அறிந்த அளவுக்குக் கூடவும் குறையவும் சொல்லவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இதற்கு நேர்மாறு, அறிந்ததற்கு மேல் ஆரவாரம் செய்யும் தலைப்பு. அமெரிக்க பௌதிக அறிஞர் ஆலன் சோக்கல் 1996-ல் ஒரு காரியம் செய்தார். வேண்டுமென்றே பொருளற்ற ஒரு கட்டுரையை எழுதி, எல்லைகளை மீறுதல் என்றும், குவாண்டம் ஈர்ப்பின் மாற்றமூட்டும் வியாக்கியானத்தை நோக்கி என்றும் அதற்கு ஒரு பெரிய தலைப்பாகை கட்டி, சமுதாயக் கலை பற்றிய சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினார். அவர்கள் அதை மெய்யென்று அச்சிட்டார்கள். பிறகு அவரே அது கேலிக்காக எழுதியது என்று வெளிப்படுத்தினார். சொல்லின் கனத்தைப் பொருளின் கனமென்று மயங்குவது பாமரருக்கு மட்டும் உரியதன்று, பண்டிதருக்கும் உண்டு என்பது தெரிந்தது. விளங்காத சொல்லைக் கண்டவுடன் கை கூப்பும் பழக்கத்தைக் கோயிலில் கண்டித்துவிட்டு, ஆராய்ச்சி மண்டபத்தில் நாமே அதைச் செய்யலாமா?

அப்படியானால் தலைப்பில் அழகே கூடாதா என்று தமிழன்பர்கள் வருந்த வேண்டாம். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளார், சங்கப் பாட்டில் இயற்கை பற்றித் தாம் ஆங்கிலத்தில் எழுதிய நூலை முதலில் ‘பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை’ என்று பொருள்படும் நேரான பெயரோடு வெளியிட்டார். 1966-ல் அது ‘நிலமும் கவிதையும்’ என்று பொருள்படும் பெயரோடு மீண்டும் வந்தது; ஆனால் அதன் கீழே, செவ்வியல் தமிழ்ப் பாட்டில் இயற்கையைப் பற்றிய ஆராய்ச்சி என்ற விளக்கமும் உடன் வந்தது. மேலே பூ, கீழே வேர். திணை இலக்கணம் அறிந்தவருக்கு ‘நிலம்’ என்ற ஒரு சொல்லே நூலின் கருத்தைக் காட்டிவிடும். அறியாதவருக்குக் கீழ்வரி வழிகாட்டும். அழகு வேண்டுவோர் இப்படிச் செய்க. அழகான வரி உண்மையான வரியை விழுங்கிவிடலாகாது.

இன்னொரு விஷயம். தலைப்பை முதலில் வாசிப்பது இக்காலத்தில் மனிதன் அன்று, இயந்திரம். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர், கட்டுரைத் தலைப்பிலுள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் இயந்திரமே பிரித்தெடுத்து அகர வரிசையில் அடுக்கும் முறையை வகுத்தார். தலைப்பில் எந்தச் சொல் இல்லையோ, அந்தச் சொல்லைத் தேடி வருபவருக்கு அந்தக் கட்டுரையே இல்லை! இன்று கம்ப்யூட்டரில் தேடுவோருக்கும் பெரும்பாலும் இதே கதிதான். மெண்டல் என்ற துறவி 1866-ல் அச்சிட்ட கட்டுரை, பாரம்பரிய விஞ்ஞானத்துக்கே அஸ்திவாரம். தலைப்போ செடிக் கலப்பினங்களைப் பற்றிய பரிசோதனைகள் என்பது. 1900 வரை அதைப் பொருட்படுத்தினார் மிகச் சிலர். தலைப்புத்தான் அதற்குக் காரணமென்று சொல்ல மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் பாரம்பரியத்தைப் பற்றி அறிய விரும்பித் தலைப்புகளைப் புரட்டியவர் கண்ணில் அச்சொல் படவில்லை என்பது மெய்.

நமக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. ‘ரப்பர்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘இரப்பர்’ என்று மற்றொருவர். ‘றப்பர்’ என்று யாழ்ப்பாணத்தார். மலாயா, மலேயா, மலேசியா என்று நாட்டின் பெயரிலும் வேற்றுமை. தனித்தமிழ்ப் பற்றால் புதுச்சொல் ஆக்குவோரை நான் குறை கூறவில்லை. ஆனால் தலைப்பில் வைக்கும் சொல், தேடுபவர் நாவில் உள்ள சொல்லாக இருக்கட்டும். புதுச்சொல்லைக் கட்டுரைக்குள்ளே விளக்கிப் பழக்கலாம். வாசற்கதவின் எண்ணை யாரும் அறியாத எழுத்தில் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

மறுபடியும் அந்தப் பெண்ணிடம் வருகிறேன். தான் எழுதப்போகும் ஆராய்ச்சிக்கு அவள் வைத்திருந்த பெயர், ‘தோட்டத்துப் பெண்கள்: ஓர் ஆய்வு’. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். “உள்ளே என்ன சொல்லப் போகிறாய்?” என்று கேட்டேன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எங்கள் பெண்களின் வேலை எப்படி மாறியது என்பதாம். பால்மரம் வெட்டுவதில் ஆணுக்கு நிகராய் நின்ற பெண்கள், குலை அறுக்கும் வேலை ஆண்களிடம் போய்விட, உதிரிப்பழம் பொறுக்கவும், உரம் போடவும், மருந்தடிக்கவும் தள்ளப்பட்டார்கள். கூலியும் அதற்கேற்ப மாறியது என்று விவரித்தாள். “எத்தனை பேரைக் கண்டு பேசினாய்?” “ஒரே தோட்டத்தில் 12 பேரை.” “எந்த ஆண்டுகளைப் பற்றி?” “1985 முதல் 1995 வரை.” “இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஏன் ‘ஓர் ஆய்வு’ என்கிறாய்?” அவள் தயங்கி, “12 பேர் என்று தலைப்பில் போட்டால் சிறியதாகத் தோன்றுமே, அண்ணே” என்றாள். ராஸின் இரண்டு கொசுக்களின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

அன்று மாலை அவள் எழுதிய தலைப்பு இது: ‘பால்மரத்திலிருந்து உதிரிப்பழத்துக்கு: செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தில் 12 தமிழ்ப் பெண்களின் வேலையும் கூலியும், 1985–1995’. சற்று நீளம்தான். ஆனால் அதில் வீண் சொல் ஒன்றுண்டா? ‘ஒரு’ என்ற சொல்லை எடுத்தால் பொய்யாகும்; ‘12’ என்பதை எடுத்தால் மிகையாகும்; ‘தமிழ்’ என்பதை எடுத்தால் அந்த அம்மைமார் ‘தொழிலாளர்’ என்ற பொதுக் கூட்டத்தில் மறைந்து போவார்கள். எழுதி முடித்தவுடன் அவள் ஒன்று சொன்னாள்: இந்தத் தலைப்பை வைத்துவிட்டதால் கூலிக் கணக்கையும் தேடிச் சேர்த்தே ஆகவேண்டும் என்று. நல்ல தலைப்பு எழுதுபவரையும் வேலை வாங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகையால் நம்மவர்களில் எழுதுவோருக்கும், எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் என் விண்ணப்பம் இது. கட்டுரையை முடித்தபின் தலைப்பை மீண்டும் ஒரு முறை எழுதுங்கள். யாரைப் பற்றி, எங்கே, எப்பொழுது, எத்தனை, என்ன கண்டோம் என்ற ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். விடையுள்ளவற்றை எழுதுங்கள், விடையில்லாதவற்றை அலங்காரத்தால் மூடாதீர்கள். மாநாட்டை நடத்துவோர், கட்டுரை முடிந்தபின் தலைப்பைத் திருத்த இடங்கொடுக்கட்டும். நம் பாட்டன்மார் பட்ட பாட்டை எழுதியவர் குறைவு; எழுதிய கொஞ்சமும் ‘பலவகை’ என்ற கட்டுக்குள் கிடந்தால், நாளைக்குத் தேடி வரும் நம் பிள்ளைகளிடம் ‘இல்லை’ என்றுதான் சொல்ல நேரும்.

எங்கள் ஆபீஸ் அலமாரியில் இப்பொழுது ‘பலவகை’ என்ற கட்டு இல்லை. அதைப் பிரித்து, உள்ளேயிருந்தவற்றை அதனதன் பெயரால் அடுக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அந்த மூதாட்டி இரண்டு முறை வீணாக நடந்த தூரத்தை நினைத்தால், அது அதிகமன்று.